ஆய்வு முடிந்த மறுநாள்

ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் நாள். 1817இல் இந்நோயை விரிவாக விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755இல் பிறந்த தேதி அது. ஆண்டுதோறும் அந்நாளை ஒட்டி இந்திய நகரங்களின் மருத்துவமனைகளில் விழிப்புணர்வு நடை, சிறப்புரை, சுவரொட்டி எல்லாம் இடம்பெறுகின்றன. சுவரொட்டியில் தவறாமல் காணப்படும் வரி ஒன்று உண்டு: நாள்தோறும் உடற்பயிற்சி செய்யுங்கள்.

அந்த வரி ஓர் ஏவல் வாக்கியம். ஏவலின் எழுவாய் முன்னிலையில் இருப்பவர் மட்டுமே. மருத்துவமனைக்கோ அரசுக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அந்த வாக்கியத்தில் இடமில்லை. மாத்திரையைப் பற்றிப் பேசும்போது அதே மருத்துவமனையின் இலக்கணம் மாறிவிடுகிறது. மாத்திரை எழுதித் தரப்படுகிறது. வேளையும் அளவும் குறிக்கப்படுகின்றன. அடுத்த வருகையில் அளவு கூட்டப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது. மாத்திரைக்குக் கொடுப்பவர் உண்டு. உடற்பயிற்சிக்குச் சொல்பவர் மட்டுமே உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளின் உடலியக்கம் குறித்து இந்தியாவில் நிலவும் முதன்மைக் குறை இதுவே. அக்குறையைச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டிய கல்விப்புலமோ, தன் ஆய்வு வழக்கங்களால் அதை மறைத்து வருகிறது.

உடற்பயிற்சி இந்நோயில் வெறும் அறிவுரைக்குரிய பொருளாக இருந்த காலம் கடந்துவிட்டது. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 195 நோயாளிகள் 24 வாரங்கள், வாரம் இருமுறை பயிற்சி பெற்றனர். தாய் சி பயின்றவர்களின் உடற்சமநிலை மேம்பட்டது. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் குறைவாகவே கீழே விழுந்தனர். 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், இன்னும் மருந்து தொடங்காத 128 நோயாளிகள் பங்கேற்றனர். ட்ரெட்மில்லில் இதயத்துடிப்பை உச்ச அளவின் 80 முதல் 85 விழுக்காடு வரை உயர்த்திப் பயின்றவர்களின் இயக்கக் குறைபாடு ஆறு மாதங்களில் ஏறத்தாழ மாறாமல் நின்றது. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களுக்கு அது கூடியது. 2023இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 150க்கும் மேற்பட்ட சோதனைகளில் பங்கேற்ற ஏறத்தாழ எட்டாயிரம் பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. நடனம், நீர்ப்பயிற்சி, நடைப்பயிற்சி, தசை வலுப்பயிற்சி, மனமும் உடலும் இணைந்த பயிற்சி எனப் பெரும்பாலான வகைகள் இயக்கக் குறிகளைத் தணிக்கின்றன என்றும், வாழ்க்கைத்தரத்தையும் பல வகைகள் உயர்த்துகின்றன என்றும், ஒரு வகை மற்றொன்றைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்று குறைவே என்றும் அது முடிவுரைத்தது.

அந்தக் கடைசி முடிவு இந்தியாவுக்கு மிக முக்கியமானது. எந்த வகை என்பது முதல் கேள்வியாக இல்லாதபோது, எங்கே, யார் துணையுடன், யார் செலவில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பவையே முதல் கேள்விகளாகின்றன. மேற்சொன்ன ஆய்வுகளில் பயன்கண்டவர்கள் எவரும் சுவரொட்டியைப் படித்துவிட்டுத் தாமாக எழுந்து நடந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு இடம் தரப்பட்டது, பயிற்றுநர் தரப்பட்டார், நேரம் குறிக்கப்பட்டது. 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் நோயாளியின் வீட்டுக்கே நிலைச் சைக்கிள் வந்து சேர்ந்தது. தொலைவிலிருந்து ஒரு பயிற்றுநர் கண்காணித்தார். ஊக்கமூட்ட ஒரு செயலியும் இருந்தது. சாலையோரமெங்கும் சைக்கிள் பாதை போட்ட நாட்டில், தாமாக முன்வந்து ஆய்வில் சேர்ந்தவர்களுக்கே இவ்வளவும் தேவைப்பட்டன. இங்கோ, மூன்று நிமிட ஆலோசனையின் இறுதியில் "தினமும் நடங்கள்" என்ற ஒரு சொற்றொடர் போதுமென்று கருதப்படுகிறது.

நடக்காதவரைச் சோம்பேறி என்று வீடும் மருத்துவமும் சேர்ந்து பழிக்கும் வழக்கம் இதிலிருந்தே பிறக்கிறது. டோபமின் குறைவது கைநடுக்கத்தோடும் தசை இறுக்கத்தோடும் நிற்பதில்லை. ஒரு செயலைத் தொடங்குவதற்கான உந்துதலையும் அந்தக் குறைவு தாக்குகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீட்டின்படி, நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு இந்த ஊக்கமிழப்பு உண்டு. மனச்சோர்வும் களைப்பும் இதனுடன் சேர்கின்றன. எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவதும், நடுவழியில் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்து நிற்பதும் பலருக்கு உண்டு. மன உறுதியையே அரிக்கும் நோய்க்கு மன உறுதியையே மருந்தாக எழுதித் தருவது, கால் முறிந்தவரிடம் மருத்துவமனைக்கு ஓடி வரச் சொல்வதற்கு நிகர்.

உறுதியோடு எழுந்தவருக்கும் தெரு காத்திருக்கிறது. நடைபாதை இல்லாத சாலை, நடைபாதை இருந்தால் அதன்மேல் இருசக்கர வாகனம், திறந்து கிடக்கும் வடிகால், பின்னாலிருந்து அலறும் ஒலிப்பான், தெருநாய். திடீரென்று திரும்புவதும், ஒரே நேரத்தில் இரண்டு செயல்களில் கவனம் வைப்பதும் பார்க்கின்சன் நோயாளிக்கு மிகக் கடினமானவை. இந்தியத் தெரு ஒவ்வோர் அடியிலும் இவ்விரண்டையும் கேட்கிறது. ஒருமுறை விழுந்தவர் மறுமுறை வெளியே வர அஞ்சுகிறார். அச்சத்தால் நடை குறைகிறது. நடை குறைந்ததால் தசை தளர்கிறது. தசை தளர்ந்ததால் மீண்டும் விழுகிறார்.

வீட்டுக்குள் வேறொரு தடை இருக்கிறது. அதன் பெயர் அன்பு. "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் குடும்பம் கொடுமைக்காரக் குடும்பம் அல்ல. ஆனால் அந்த வாக்கியத்தால் அடுப்படி போகிறது, கொடியில் துணி உலர்த்துவது போகிறது, கடைக்குச் சென்று பால் வாங்கி வருவது போகிறது, பேரக்குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் போகிறது. நாற்பது ஆண்டுகள் வீட்டை நடத்திய பெண்ணிடமிருந்து கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, மாலையில் அரைமணி நேரம் மாடியில் நடக்கச் சொல்கிறார்கள். குடும்பத்துக்கு இதை எடுத்துச்சொல்லக்கூடிய இயன்முறை மருத்துவரையோ தொழில்வழிச் சிகிச்சையாளரையோ பெரும்பாலான நோயாளிகள் சந்திப்பதே இல்லை.

பணத்தின் கணக்கும் இதே திசையில் சாய்ந்திருக்கிறது. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத் தருகிறது. 2024 முதல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் அது விரிக்கப்பட்டது. புறநோயாளியாக வாரம் இருமுறை வந்து பெறும் பயிற்சி அதன் வரம்புக்குள் இல்லை. விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் உண்டு. விழாமல் காக்கும் பயிற்சிக்குப் பணம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைக் குறைபாடுகளுள் பார்க்கின்சன் நோயையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சான்றிதழுக்கு அது வழி திறந்தது. பயிற்சிக் கூடத்துக்கு எவரும் வழி திறக்கவில்லை.

இத்தகைய நிலையில் ஆய்வுலகம் என்ன செய்கிறது? முதுநிலை ஆய்வேடுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் வடிவம் இது: முப்பது நோயாளிகள், இரண்டு குழுக்கள், ஆறு வாரப் பயிற்சி, முன்னும் பின்னும் ஒரு வினாநிரல், இறுதியில் பி மதிப்பு 0.05க்குக் கீழே. முடிவுரையில், உடற்பயிற்சி வாழ்க்கைத்தரத்தை மேம்படுத்துகிறது என்று நூற்றுக்கணக்கான முறை நிறுவப்பட்ட உண்மை இன்னொரு முறை நிறுவப்படுகிறது. ஆய்வேடு ஒப்படைக்கப்படுகிறது, பட்டம் கிடைக்கிறது. ஏழாவது வாரம் அந்த முப்பது பேரும் எங்கே போகிறார்கள் என்பது எந்த ஆய்வேட்டின் எந்த இயலிலும் இல்லை.

ஆறு வாரம் என்ற கால அளவை நோய் தரவில்லை. பருவத்தேர்வு அட்டவணை தந்தது. பார்க்கின்சன் நோய் பத்து, இருபது ஆண்டுகள் நீளக்கூடியது. பயிற்சி நின்றால் அதன் பயனும் படிப்படியாகத் தேயும் என்பது இத்துறையினர் எல்லோரும் அறிந்ததே. அப்படியிருக்க, ஒருவரை ஆறு வாரம் எழுப்பி நடக்கவைத்து, அவர் உடலில் மாற்றம் வருவதை அவருக்கே காட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு கதவைச் சாத்துவது எவ்வகை அறம்? மருந்துச் சோதனை முடிந்தபின் பயன்கண்ட பங்கேற்பாளருக்கு அம்மருந்து கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்ற கடப்பாட்டை ஹெல்சிங்கி அறிக்கை பேசுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் ஆய்வுக்குப் பிந்தைய பயன் குறித்துப் பேசுகின்றன. மாத்திரைக்குப் பொருந்தும் அறம் பயிற்சிக்குப் பொருந்தாதா? பயிற்சி ஒரு சிகிச்சை என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதுபவர், கடைசிப் பக்கத்தில் அதை வெறும் அறிவுரையாக்கிவிட்டுப் போக முடியாது.

அளக்கும் கருவியும் ஆராயப்பட வேண்டும். வாழ்க்கைத்தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படுவது, 1995இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய பி.டி.க்யூ-39. எட்டுப் பிரிவுகளில் 39 கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் இன்ன சிரமம் எத்தனை முறை ஏற்பட்டது என்று அவை கேட்கும். நோயாளிகளிடம் பேசி உருவாக்கப்பட்ட நல்ல கருவி அது. ஆனால் அந்த நோயாளிகள் இங்கிலாந்தினர். சட்டைப் பொத்தானும் காலணிக் கயிறும், தட்டிலுள்ள உணவை வெட்டுவதும் அதில் உண்டு. சேலை கொசுவம், வேட்டிக்கட்டு, பருப்புச்சோற்றைப் பிசைந்து விரலால் வாய்க்குக் கொண்டுசெல்வது, தரையில் அமர்ந்து எழுவது, குந்தியமரும் கழிப்பறை ஆகியவை இல்லை. பார்க்கின்சன் நோயால் முழங்காலும் இடுப்பும் இறுகிய ஒருவருக்குக் கழிப்பறையிலிருந்து எழ முடியாமற்போவதே நாளின் முதல் அவமானமாக இருக்கக்கூடும். அதைக் கேட்காத வினாநிரல் அவருடைய வாழ்க்கைத்தரத்தை அளந்துவிட்டதாகச் சொல்வது எப்படி?

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. வீட்டு வேலையில் சிரமம் இருந்ததா என்ற கேள்விக்கு, வேலையே செய்ய விடப்படாத பெண் "ஒருபோதும் இல்லை" என்று பதில் தரலாம். செய்யாத வேலையில் சிரமம் ஏது? வினாநிரலின் கணக்கில் அந்தப் பதிலுக்குப் பூச்சியம். பூச்சியமே மிகச் சிறந்த நிலை. வாழ்வின் பங்கொன்றை முழுவதுமாக இழந்தவர், தாளில் குறையற்றவராகத் தோன்றுவார். பயிற்சியால் ஓரளவு தேறி மீண்டும் அடுப்படிக்குள் நுழைந்து தடுமாறும் பெண்ணுக்கோ மதிப்பெண் மோசமாகும். மொழிபெயர்ப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது தீராது; சொல் மொழிபெயர்க்கப்பட்டதே தவிர, வாழ்க்கை மொழிபெயர்க்கப்படவில்லை.

உடலியக்கத்தை அளக்கும் வினாநிரல்களில் நிலைமை இன்னும் விந்தையானது. 1993 முதல் புழங்கும் முதியோர் உடற்செயல்பாட்டு அளவுகோலொன்று, இலகுவான விளையாட்டுக்கு எடுத்துக்காட்டாக, வண்டியில் சென்று ஆடும் கோல்ஃபையும் படகிலிருந்து மீன்பிடிப்பதையும் தருகிறது. எடுத்துக்காட்டை மாற்றிவிடலாம், சொற்களை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. ஆங்கிலத்தின் 'ஃபிசிக்கல் ஆக்டிவிட்டி' என்ற ஒரு தொடருக்குள் வேலையும் விளையாட்டும் நடையும் அடங்கிவிடும். தமிழில் உழைப்பு வேறு, பயிற்சி வேறு, விளையாட்டு வேறு. இந்தியில் 'மெஹ்னத்' வேறு, 'கஸ்ரத்' வேறு. ஆகவே, கிணற்றடியிலிருந்து தண்ணீர் சுமக்கும் பெண்ணிடம் உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. 'லெஷர்' என்பதை ஓய்வு நேரம் என்று பெயர்த்து, ஓய்வு நேரத்தில் என்ன உடற்செயல்பாட்டில் ஈடுபடுகிறீர்கள் என்று கேட்டால், ஓய்வில் எவராவது வேலை செய்வார்களா என்று அவர் திருப்பிக் கேட்கலாம். கேள்வி பொருளிழந்தது அங்கே. ஆய்வேட்டில் பதிவாவதோ "செயல்பாடு குறைவு" என்ற எண். அந்த எண்ணிலிருந்து, இந்தியர்கள் உடற்பயிற்சியில் நாட்டமற்றவர்கள் என்ற முடிவுரை பிறக்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக வரும். உலகோடு ஒப்பிட உலகளாவிய கருவி வேண்டும் என்பது முதலாவது. ஒப்பீடு வேண்டும்தான், 39 கேள்விகளையும் தூக்கியெறிய எவரும் கேட்கவில்லை. அவற்றுடன், இங்குள்ள நோயாளிகளிடம் பேசி உருவாக்கிய பத்துக் கேள்விகளைச் சேர்ப்பதை எந்த ஒப்பீடும் தடுப்பதில்லை. ஓராண்டுக் களப்பணி தேவைப்படும் என்பதே உண்மையான தடை.

ஏழை நாட்டில் முதலில் மாத்திரை கிடைக்கட்டும் என்பது இரண்டாவது மறுப்பு. லெவோடோபா ஒவ்வொரு நோயாளிக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை; பயிற்சி அதற்கு மாற்றாகாது. பலருக்கு மாத்திரை வேலைசெய்யும் நேரத்தில்தான் பயிற்சியே இயலும். ஆனால் இங்கே கேட்கப்படுவது கோடிகளில் வரும் கருவி அன்று. ஒரு கூடம், சில நாற்காலிகள், பயிற்சி பெற்ற ஒருவர், பாட்டு ஒலிக்க ஒரு பெட்டி. ஏழ்மை காரணமென்றால், மிகக் குறைந்த செலவில் பயன் தரும் இதையே ஏழை நாடு முதலில் பற்றியிருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு ஜூன் 21இல் உரத்து ஒலிப்பது: எங்களிடம் யோகம் உண்டு. உண்டு. 2019இல் ஹாங்காங்கில் 138 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, எட்டு வார யோகப் பயிற்சி உடலியக்கத்தில் மற்றப் பயிற்சிக்குக் குறைவில்லாத பயனையும், பதற்றம், மனச்சோர்வு, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றில் கூடுதல் பயனையும் தந்ததாகக் காட்டியது. ஆயினும் அங்கே வகுப்பை நடத்தியது மரபு அன்று. நேரம் குறித்து, இடம் பிடித்து, பயிற்றுநரை அமர்த்திய ஒரு நிறுவனம். மரபின் பெருமை தானாகக் கதவைத் திறந்து வகுப்பு எடுக்காது.

வகுப்பு நடத்த முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுகள் உண்டு. மும்பையில் 2001இல் தொடங்கிய பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறு சங்கம் நோயாளிகளுக்கான கூடுகைகளையும் பயிற்சிகளையும் நடத்துகிறது. புணேயில் நடனக் கலைஞர் ஹ்ருஷிகேஷ் பவார் இந்நோயாளிகளுக்கென நடன வகுப்புகள் நடத்தியிருக்கிறார். அதே புணேயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மிலேஹா சோனேஜி, சமதரையில் தடுமாறும் தம் உறவினர் படிக்கட்டில் எளிதாக ஏறி இறங்குவதைக் கவனித்தார். தரையில் படிக்கட்டின் தோற்றத்தை ஒட்டினார். உறைந்த கால்கள் நடந்தன. கண்ணுக்குக் கோடும் காதுக்குத் தாளமும் கொடுத்தால், பழுதுபட்ட உள்வழியைச் சுற்றிக்கொண்டு மூளை வேறு வழியில் நடையை நடத்துகிறது என்பது இதன் அடிப்படை. இதற்குத் தேவைப்பட்டது நோயாளியின் நாளை அருகிலிருந்து பார்த்த ஒரு கண். அரசுத் தரப்பில், 2021இல் தமிழ்நாடு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுவாசலுக்குக் கொண்டுசென்றது. நாடெங்கும் உள்ள ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களில் யோக வகுப்புக்கு ஏற்கெனவே இடமுண்டு. அதே இடத்தில் வாரம் இரு காலைகளைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஒதுக்கப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. நெதர்லாந்து 2004இல் பார்க்கின்சன்நெட் என்ற பெயரில் இந்நோய்க்கெனப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்களை ஒரு வலையமைப்பாக்கியது. அது செய்த முதல் வேலை, சொல்பவரையும் செய்பவரையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான்.

கல்விப்புலம் தன் அளவில் செய்யக்கூடியவையும் உண்டு. அவற்றுக்கு அரசாணை தேவையில்லை. பயிற்சி தரும் ஆய்வு எதுவாயினும், முடிந்த மறுநாள் பங்கேற்பாளர் எங்கே பயில்வார் என்ற கேள்வியை நெறிமுறைக் குழு கட்டாயமாக்கட்டும். பதில் இல்லாத முன்மொழிவு திருப்பி அனுப்பப்படட்டும். ஆறு வார ஆய்வுகளை முப்பது மாணவர்கள் தனித்தனியே செய்வதற்குப் பதிலாக, ஒரு துறை ஒரே வகுப்பை ஆண்டுக்கணக்கில் நடத்தட்டும். ஒவ்வோர் ஆண்டு மாணவரும் அதிலிருந்து தம் கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும். வினாநிரலை மொழிபெயர்க்கும்போது மொழியியல் துறையை இறுதிக் கையெழுத்துக்கு மட்டும் அழைக்காமல், முதல் நேர்காணலிலிருந்தே அழைக்கட்டும். பல்கலைக்கழக வளாகங்களில் சமமான பாதைகள் உண்டு, நிழல் உண்டு, காலையில் காலியாகக் கிடக்கும் அரங்குகள் உண்டு. இயன்முறை மருத்துவம், நடனம், இசை, உளவியல் பயிலும் மாணவர்கள் உண்டு. சுற்றுச்சுவருக்கு வெளியே, நடக்க இடமில்லாமல் மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முதியவர்கள் உண்டு. இவ்விருவருக்கும் இடையில் இருப்பது ஒரு வாயிற்கதவு மட்டுமே.

அடுத்த ஏப்ரல் 11க்குச் சுவரொட்டி தயாரிக்கும் துறைகள் அந்தப் பழைய ஏவல் வரியை நீக்கிவிட்டு, வகுப்பு நடக்கும் இடம், கிழமை, நேரம், பேச வேண்டிய எண் ஆகிய நான்கையும் அங்கே அச்சிட முயலட்டும். அந்த நான்கையும் நிரப்ப முடியாத துறை, நோயாளிகளுக்கு உடற்பயிற்சியின் அவசியத்தைப் போதிப்பதை அதுவரை நிறுத்தி வைக்கலாம்.